ரெண்டு கார்டு போட்டா ரெண்டு மடங்கு வேகமா? (நீண்ட இழை)

1)
கேமிங் பிசி வாங்கப் போற தம்பி தங்கச்சிகளுக்கும், அதுக்குப் பணம் கட்டப் போற அப்பா அம்மாக்களுக்கும் இந்த இழை. கேள்வி ஒண்ணுதான்: கிராஃபிக்ஸ் கார்டு ஒண்ணு போதுமா, ரெண்டு போடணுமா? பதிலை முதல்லயே சொல்லிடுறேன். ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு. "ரெண்டு போட்டா ரெண்டு மடங்கு வேகம்"னு யாராவது உங்ககிட்ட சொன்னா, அவர்கிட்ட விலை போகாத பழைய கார்டு ரெண்டு கிடக்குதுன்னு அர்த்தம்.

2)
டாக்டருக்கு இதுல என்ன வேலைன்னு கேப்பீங்க. எம்பிபிஎஸ் ஹாஸ்டல்ல இருந்தே கேம் ஆடுற ஆள் நான். நைட் டூட்டி முடிஞ்சு வந்து இன்னைக்கும் ஒரு மணி நேரம் ஆடிட்டுத்தான் தூங்குவேன். அது ஒரு காரணம். இன்னொரு காரணம் போன வாரம் வந்தவாசியில என் ஓபியில வந்து எதிர்ல உட்கார்ந்துச்சு.

3)
ஆரணிப் பக்கத்து கிராமம். பட்டு நெசவு செய்றவர், வயசு ஐம்பதுக்கு மேல. (அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.) குழித்தறியில வருஷக்கணக்கா உட்கார்ந்த இடுப்பு. வலி தாங்காம மெடிக்கல்ல கேட்டு டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டிருக்கார். குறையல. வேற ஒருத்தர் சொன்னார்னு கூடவே அசிக்ளோஃபெனாக். ரெண்டையும் சேர்த்து மூணு வாரம். இப்ப இடுப்பு வலி அப்படியே இருக்கு, புதுசா வயித்தெரிச்சலும் வாந்தியும்.

4)
"ஒண்ணுக்கு ரெண்டா போட்டா சீக்கிரம் கேக்கும்னு நெனைச்சேன் சார்" என்றார். இதை வாரத்துக்கு நாலு பேர்கிட்டயாவது கேக்குறேன். ரெண்டும் ஒரே நொதியைத் தடுக்கிற, ஒரே வகை வலி மாத்திரை. ஒண்ணு பூட்டின கதவை இன்னொண்ணு வந்து திரும்பப் பூட்டுது. அதனால வலி கூடுதலா குறையாது. ஆனா வயித்துப் புண், ரத்தக் கசிவு, கிட்னி பாதிப்பு, இதெல்லாம் ஏறும். பலன் கூடல, கெடுதல் மட்டும் கூடுது.

5)
ரெண்டையும் நிறுத்தச் சொல்லி, வயித்துக்கு மருந்து எழுதிட்டு இருக்கும்போது கூட வந்த பையன் மெதுவா ஆரம்பிச்சான். வயசு 19, காலேஜ். "சார், நீங்க கேம் ஆடுவீங்கன்னு கேள்விப்பட்டேன். ஒரு எஸ்டிமேட் பாத்து சொல்றீங்களா?" சட்டைப் பையில மடிச்சு வச்சிருந்த துண்டுச் சீட்டு. செகண்ட் ஹேண்ட் ஆர்எக்ஸ் 580, 8 ஜிபி, ரெண்டு கார்டு: 13,000. ரெண்டையும் தாங்க 750 வாட் எஸ்எம்பிஎஸ்: 6,500. ரெண்டு ஸ்லாட் இருக்கிற மதர்போர்டுக்குக் கூடுதலா 3,500. எக்ஸ்ட்ரா ஃபேன் 1,500. மொத்தம் 24,500. அட்வான்ஸ் 2,000 கொடுத்தாச்சு.

6)
சீட்டோட அடியில கடைக்காரர் கையெழுத்துலயே "8+8=16 ஜிபி, டபுள் ஸ்பீடு"ன்னு எழுதி ரெண்டு கோடு போட்டிருந்தார். அப்பாவுக்கு மருந்துக் கடையில ஏறின அதே கணக்கு, பையனுக்கு கம்ப்யூட்டர் கடையில ஏறியிருக்கு. அந்தப் பணத்துல பாதி பையன் லீவு நாள்ல மொபைல் கடையில வேலை பாத்துச் சேர்த்தது. மீதி, அப்பாவோட சேலைக் கூலி. அதனாலதான் எனக்கு இவ்வளவு கோபம்.

7)
இனி ஒவ்வொண்ணா பாப்போம். முதல்ல "8+8=16". பச்சைப் பொய். கேம்ல ரெண்டு கார்டு சேர்ந்து வேலை செய்றப்ப, ஒவ்வொரு கார்டும் படம் வரையத் தேவையான அத்தனையையும் தன்னோட மெமரியில தனித்தனியா வச்சுக்கணும். சுவர், மரம், முகம், துணி எல்லாம் ரெண்டு பிரதி. அதனால 8+8=8. அவ்வளவுதான். 12 ஜிபி கேக்குற கேமுக்கு 8 ஜிபி கார்டு ரெண்டு வச்சாலும் பத்தாது.

8)
அடுத்தது "டபுள் ஸ்பீடு". ரெண்டு கார்டு எப்படி வேலையைப் பிரிச்சுக்குது? பெரும்பாலும் மாத்தி மாத்தி. 1, 3, 5-ஆவது ஃப்ரேம் முதல் கார்டு. 2, 4, 6-ஆவது ஃப்ரேம் அடுத்த கார்டு. கேக்க நல்லாத்தான் இருக்கு. நான் இதை அந்தப் பையனுக்கு விளக்கிட்டு இருக்கும்போது, அதுவரைக்கும் பேசாம இருந்த அப்பா குறுக்க வந்தார்: "ரெண்டு தறி போட்டா ரெண்டு சேலை வரும் சார். ஒரே சேலை பாதி நாள்ல வராதே?"

9)
இதைவிடத் தெளிவா எந்த யூடியூபரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஒரு ஃப்ரேமை வரைஞ்சு முடிக்கிற நேரம் ரெண்டு கார்டு போட்டாலும் குறையாது. நீங்க மவுஸை அழுத்தினதுக்கும் திரையில துப்பாக்கி வெடிக்கிறதுக்கும் நடுவுல இருக்கிற தாமதம் அப்படியேதான் இருக்கும், சில நேரம் கூடும். எண்ணிக்கை மட்டும்தான் ஏறும். எஃப்பிஎஸ் மீட்டர்ல நம்பர் பெருசா தெரியும், கையில அந்த வேகம் இருக்காது.

10)
அந்த நம்பரும் ஏமாத்தும். 60 எஃப்பிஎஸ்னா ஒரு ஃப்ரேமுக்கு சுமார் 16.7 மில்லிசெகண்ட். ஒரே கார்டு சீரா அப்படித் தரலாம். ரெண்டு கார்டு மாத்தி மாத்தித் தரும்போது ஒரு ஃப்ரேம் 8-ல வரும், அடுத்தது 25-ல வரும். கூட்டிப் பாத்தா சராசரி அதே 60. ஆனா கண்ணுக்குத் தெரியுறது நொண்டி ஓட்டம். மைக்ரோ ஸ்டட்டர்னு பேர். கோர்வைச் சேலை நெய்றவங்களுக்கு இது புரியும். பக்கத்துல உட்கார்ந்து கரைக்கு நாடா தள்ளுற ஆள் தாளம் தப்பினா, தறியே தட்டுத் தடுமாறும்.

11)
"அப்ப ரெண்டு கார்டுங்கிறது எந்தக் காலத்துலயும் வேலை செய்யலயா?" செஞ்சுது. அதை மறைக்க மாட்டேன். 1998-ல 3டிஎஃப்எக்ஸ் கம்பெனியோட வூடூ 2 கார்டு ரெண்டை இணைச்சா, ஒண்ணு ஒற்றைப்படை வரிகளையும் இன்னொண்ணு இரட்டைப்படை வரிகளையும் வரையும். அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம். 2000 கடைசியில அந்தக் கம்பெனியோட சொத்துகளை என்விடியா வாங்குச்சு. 2004-ல அதே எஸ்எல்ஐ பேர்ல வேற நுட்பத்தோட வந்தாங்க. 2005-ல போட்டிக்கு ஏடிஐ கொண்டு வந்தது கிராஸ்ஃபயர்.

12)
பிறகு ஏன் செத்துச்சு? கேம் வரையுற முறையே மாறிடுச்சு. இன்னைக்கு பெரும்பாலான பெரிய கேம்கள், ஒரு ஃப்ரேமை வரைய முந்தின ஃப்ரேமோட தகவலை எடுத்துக்குது. ஓரங்களை மழமழப்பாக்குறது, சின்னப் படத்தைப் பெருசாக்கிக் காட்டுறது எல்லாமே அப்படித்தான். முந்தின ஃப்ரேம் பக்கத்து கார்டுல இருந்தா, அதை இழுத்துட்டு வர்ற வரைக்கும் இந்தக் கார்டு காத்திருக்கணும். மாத்தி மாத்தி வரையுற திட்டம் அங்கயே உடைஞ்சுடுது.

13)
கூடவே இன்னொண்ணு. முன்னாடி ஒவ்வொரு கேமுக்கும் கார்டு கம்பெனியே டிரைவர்ல தனியா ப்ரொஃபைல் எழுதும். டைரக்ட்எக்ஸ் 12 வந்ததும் அந்தப் பொறுப்பு கேம் எழுதுறவங்க தலையில விழுந்துச்சு. செஞ்சவங்க இருக்காங்க. 2016-ல வந்த ஆஷஸ் ஆஃப் தி சிங்குலாரிட்டியில ஏஎம்டி கார்டையும் என்விடியா கார்டையும் சேர்த்தே ஓட்ட முடிஞ்சது. ஆனா ரெண்டு கார்டு வச்சிருக்கிற கொஞ்ச பேருக்காக மாசக்கணக்குல உழைக்க எத்தனை கம்பெனி தயாரா இருக்கும்? 2015-ல வந்த பேட்மேன்: ஆர்க்கம் நைட்டுக்கு ரெண்டு கார்டு ஆதரவு தர முயற்சி பண்ணி, கடைசியில அதைக் கைவிட்டதா வெளிப்படையாவே அறிவிச்சாங்க.

14)
கார்டு செய்ற கம்பெனிகளே கைகழுவின தேதிகளைப் பாருங்க. 2016-ல வந்த ஜிடிஎக்ஸ் 1060-ல எஸ்எல்ஐ கிடையாது. 2019-ல வந்த ஆர்எக்ஸ் 5700-ல கிராஸ்ஃபயர் கிடையாது. 2021 ஜனவரி 1 முதல் புதுசா எஸ்எல்ஐ ப்ரொஃபைல் எழுத மாட்டோம்னு என்விடியா அறிவிச்சாச்சு. 2022-ல வந்த ஆர்டிஎக்ஸ் 4090, லட்சத்துக்கு மேல விக்கிற கார்டு, அதுல இன்னொரு கார்டை இணைக்கிற கொக்கியே இல்லை. பணம் இருக்கிறவங்களுக்கே விக்காம நிறுத்தின ஒரு விஷயத்தை, நெசவாளி வீட்டுப் பையனுக்கு விக்கிறாங்க!

15)
இந்தக் கார்டுகள் எங்கிருந்து வருது? 2022 செப்டம்பர் 15 அன்னைக்கு எத்தீரியம் கிரிப்டோ, கார்டு வச்சு மைனிங் பண்ற முறையைக் கைவிட்டுச்சு. ராத்திரி பகலா ஓடிட்டு இருந்த கார்டுகள் உலகம் முழுக்க மூட்டை மூட்டையா சந்தைக்கு வந்துச்சு. ரிச்சி ஸ்ட்ரீட்ல இருந்து சின்ன ஊர் கடை வரைக்கும் அது பரவியிருக்கு. மைனிங் பண்ண கார்டு எல்லாமே குப்பைன்னு சொல்ல மாட்டேன். ஃபேன் மாத்தி, பேஸ்ட் மாத்தி நல்லா ஓடுறதும் உண்டு. ஆனா ஒண்ணு வித்தா வர்ற லாபத்தைவிட ஜோடியா வித்தா லாபம் ஜாஸ்தி. "ஜோடி" கதை அங்கதான் பிறக்குது.

16)
ஆர்எக்ஸ் 580 மேல எனக்கு எந்தப் பகையும் இல்ல. 2017-ல வந்த நேர்மையான கார்டு. ஒண்ணு மட்டும் மலிவா கிடைச்சா, ஃபுல் எச்டி-யில ஜிடிஏ 5, வாலரண்ட் மாதிரி கேம்கள் தாராளமா ஆடலாம். வாலரண்ட்ல வேகம் பெரும்பாலும் ப்ராசசர் கையில இருக்கு. அங்க ரெண்டாவது கார்டு வெறும் பார்வையாளர். இன்னொரு எச்சரிக்கை: அதே பேர்ல "2048எஸ்பி"ன்னு சீனச் சந்தைக்கு வந்த ஒரு ரகம் உண்டு. பேர் 580, உள்ள இருக்கிறது கிட்டத்தட்ட 570. ஜிபியு-இசட் போட்டுப் பாருங்க. ஷேடர் எண்ணிக்கை 2304 காட்டணும். 2048 காட்டினா வேற விலை பேசுங்க.

17)
முக்கியமான விஷயம் இது. ஒரு கார்டுல இல்லாத வசதி ரெண்டு கார்டு போட்டா முளைக்காது. 2024 டிசம்பர்ல வந்த இண்டியானா ஜோன்ஸ் கேமும், 2025 மே மாசம் வந்த டூம்: தி டார்க் ஏஜஸும் ரே ட்ரேசிங் வசதி உள்ள கார்டு கட்டாயம்னு சொல்லியே வந்துச்சு. ஆர்எக்ஸ் 580-ல அந்த வசதி பூஜ்யம். ரெண்டு பூஜ்யத்தைக் கூட்டினா என்ன வரும்? பத்து கார்டு போட்டாலும் அதே விடைதான்.

18)
இப்ப கரண்ட். 580 ஒண்ணு முழு வேகத்துல 185 வாட். ரெண்டு 370. ஆர்எக்ஸ் 6600 மாதிரி ஒரே கார்டுன்னா 132. வித்தியாசம் 238 வாட். தினம் 5 மணி நேரம், 60 நாள்னு வச்சா 71 யூனிட். நம்ம ஈபி கணக்கு ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா, வீட்டுக்குக் கொஞ்சம் யூனிட் இலவசம். அதுல ஒரு பெரிய பங்கை இந்த வித்தியாசமே தின்னுடும். கைத்தறிக்குன்னு அரசு தர்ற 300 யூனிட், தறிக்காகக் கொடுக்கிறது. ரெண்டாவது கார்டு ஓடலன்னா பில் ஏறாதுதான். ஆனா ஓடலன்னா அதை எதுக்கு வாங்கினோம்? ஓடினா தெண்டம், ஓடலன்னாலும் தெண்டம்.

19)
சூடு வேற. நம்ம பக்கம் சித்திரை, வைகாசியில வெயில் எப்படின்னு தெரியும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஏசி இல்லாத அறை. கேபினெட்ல கீழ் கார்டு விடுற அனல் காத்தை மேல் கார்டு இழுக்கும். சூடு ஏறினா கார்டு தானா வேகத்தைக் குறைச்சுக்கும். காசு கொடுத்து வாங்கின வேகத்தை சூடே திருப்பி எடுத்துக்கும். இன்னொண்ணு: விலை குறைஞ்ச நிறைய போர்டுகள்ல ரெண்டாவது நீள ஸ்லாட் பேருக்குத்தான் நீளம். உள்ள 16 பாதைக்குப் பதிலா 4 பாதைதான் இணைச்சிருப்பாங்க. மேலோட்டமா பாத்தா வித்தியாசமே தெரியாது.

20)
"இப்ப ஒண்ணு வாங்கிட்டு, அடுத்த வருஷம் அதே மாதிரி இன்னொண்ணு சேர்த்துக்கலாமே?" இந்த யோசனையில நானே விழுந்திருக்கேன். 2015, முதல் அரசு போஸ்டிங், கையில சம்பளம். ஒரு கார்டு வாங்கினேன். அடுத்த வருஷம் அதே மாடல்ல இன்னொண்ணு தேடி அலைஞ்சு வாங்கினேன். என்கிட்ட இருந்த கேம்கள்ல சிலது மட்டும்தான் ரெண்டாவதைத் தொட்டுச்சு. ஒண்ணுல நிழல் எல்லாம் மினுக்கு மினுக்குன்னு மின்னும். கடைசியில ரெண்டாவதை ஆஃப் பண்ணி வச்சுட்டு ஆடினேன். அப்புறம் பாதி விலைக்குக் கூட யாரும் கேக்கல. அந்தப் பழைய கார்டை வித்து, மேல கொஞ்சம் போட்டு புதுத் தலைமுறை கார்டு ஒண்ணு வாங்கியிருந்தா பிழைச்சிருப்பேன். உங்களுக்கும் அதுதான் வழி: சேர்க்காதீங்க, மாத்துங்க.

21)
கமெண்ட்ல வரப்போற அண்ணன்களுக்கு முன்கூட்டியே. "லாஸ்லெஸ் ஸ்கேலிங் போட்டு ரெண்டாவது கார்டுல ஃப்ரேம் ஜெனரேஷன் ஓட்டலாமே?" ஓட்டலாம். வீட்ல சும்மா கிடக்கிற பழைய கார்டு இருந்தா செருகிப் பாருங்க, தப்பில்ல. ஆனா அது நிஜ ஃப்ரேமுக்கு நடுவுல ஊகிச்சுச் செருகுற ஃப்ரேம். அதுக்காகக் காசு கொடுத்து ரெண்டாவது கார்டு வாங்கச் சொல்லாதீங்க. "பிளெண்டர், ஏஐ மாடலுக்கு ரெண்டு கார்டு நல்லதுதானே?" ஆமா, நல்லது. அங்க வேலையை நிஜமாவே பங்கு பிரிக்கலாம். அது ரெண்டு தறியில ரெண்டு சேலை. நாம பேசுறது கேம், ஒரே சேலை.

22)
இன்னொரு கூட்டம் இருக்கு. "தறி ஓட்டுறவர் புள்ளைக்கு கேமிங் பிசி எதுக்கு? படிக்கச் சொல்லுங்க டாக்டர்"னு அறிவுரை சொல்ல வருவாங்க. அவங்ககிட்டயும் எனக்குச் சண்டைதான். டாக்டர் வீட்டுப் பையன் ஆடினா ஹாபி, நெசவாளி வீட்டுப் பையன் ஆடினா ஊதாரித்தனமா? அவன் லீவு நாள்ல சம்பாதிச்ச காசு, அவன் ஆசை. விளையாடணும்னு நினைக்கிறது நோயில்ல. அளவோட ஆடு, தூக்கத்தைக் கெடுத்துக்காதன்னு மட்டும் சொன்னேன். வேணாம்னு சொல்ல எனக்கு உரிமை இல்ல. ஏமாறாதன்னு சொல்ல கடமை இருக்கு.

23)
அவனுக்கு எழுதிக் கொடுத்த சீட்டை இங்கயும் போடுறேன்.
• ஒரே கார்டு. உங்க காசுக்குக் கிடைக்கிறதுல புதுத் தலைமுறை கார்டு. அன்னைக்கு நான் பாத்த விலையில, அதே 24,500-க்குள்ள ஆர்எக்ஸ் 6600 ரகத்துல புதுக் கார்டு ஒண்ணும், தரமான 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸும் கிட்டத்தட்ட அடங்குது. விலை வாரா வாரம் மாறும். வாங்குற அன்னைக்குப் பாருங்க.
• எஸ்எம்பிஎஸ்ல கஞ்சத்தனம் வேணாம். பேர் தெரியாத டப்பா வேணவே வேணாம்.
• பில், வாரண்டி ரெண்டும் கையில வாங்காம முழுப் பணம் கொடுக்காதீங்க.
• செகண்ட் ஹேண்ட்னா, கடையிலயே கேம் போட்டு அரை மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. சூடு, ஃபேன் சத்தம், திரையில கோடு, மூணையும் கவனிங்க.
• "டபுள்"ங்கிற வார்த்தை வந்தா எழுந்து வந்துடுங்க.

24)
நேத்து பையன் மெசேஜ் பண்ணான். கடைக்காரர் அட்வான்ஸைத் திருப்பித் தர மாட்டேங்கிறாராம். "டாக்டருக்கு ஊசி போடத்தான் தெரியும், ஹார்டுவேர் என்ன தெரியும்"னு சொன்னாராம். சொல்லிட்டுப் போகட்டும். "2,000 போயிடுமே சார், பேசாம அதையே வாங்கிடட்டுமா?"ன்னு கேட்டான்.

25)
என் பதில்: தம்பி, போன 2,000-ஐக் காப்பாத்த இன்னும் 22,500-ஐக் கொண்டு போய்க் கொட்டாத. மூணு வாரம் தப்பான மாத்திரை போட்டாச்சுங்கிறதுக்காக நாலாவது வாரமும் போடுவோமா? தெரிஞ்ச அன்னைக்கே நிறுத்துறதுதான் வைத்தியம். அந்த 2,000-க்குப் பதிலா ஒரு கார்டு மட்டும் தருவாரான்னு கேட்டுப் பார். ஓட்டிக் காட்டச் சொல்லு, ஷேடர் எண்ணிக்கையைப் பார். சரியா இருந்தா மீதி விலை பேசி ஒண்ணு மட்டும் வாங்கிக்க. இல்லன்னா விட்டுட்டு வா. அடுத்த ஞாயிறு எனக்கு டூட்டி இல்ல. வேணும்னா நானும் கூட வரேன்.

26)
அப்பாவுக்கு இப்ப வயித்தெரிச்சல் குறைஞ்சிருக்காம். இடுப்புக்கு பயிற்சி சொல்லிக் கொடுத்திருக்கேன், தறியில இருந்து மணிக்கொருதரம் எழுந்து நடக்கச் சொல்லியிருக்கேன். நீங்களும் ஞாபகம் வச்சுக்கங்க: வலி மாத்திரையை டாக்டர்கிட்ட கேக்காம ஒண்ணோட ஒண்ணு சேர்க்காதீங்க. கிராஃபிக்ஸ் கார்டை யார் சொன்னாலும் சேர்க்காதீங்க.

கேள்வி இருந்தா கமெண்ட்ல கேளுங்க, டூட்டி முடிஞ்சு பதில் போடுறேன். வீட்ல பிசி வாங்கப் போற பிள்ளைங்க இருந்தா இதை அவங்களுக்கு அனுப்புங்க. கடைக்காரர்களுக்கும் அனுப்பலாம், எனக்கு ஆட்சேபணை இல்ல.